கம்பியில்லாத் தந்தி வகுப்பு

திண்டிவனம்
20 ஜூன் 1943

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயம் எழுதுவது.

நான் சுகம். போன ஞாயிறு அப்பா மயிலத்திலிருந்து நடந்தே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். முழங்கால் வலிதான் குறை. உங்களைப் பற்றி விசாரித்தார். பட்டாள ரயில்கள் ஓயாமல் போவதால் தந்தி ஆபீசில் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்று சொன்னேன்.

ஒரு உதவி கேட்கவே இதை எழுதுகிறேன். கம்பியில்லாத் தந்தி வேலைக்குப் பெண்களையும் எடுக்கப்போவதாக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆறாவது பாரம் வரை படித்து, இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். தேர்வில் தேறினால் மதராஸில் பயிற்சி, சாப்பாடு, தங்க இடம், பிறகு வேலை.

போன வருஷம் என்னிடம் படித்து முடித்த பெண்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? எல்லோரும் களை எடுக்கிறார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் வரப்பைவிட்டு இறங்கிக் குனிந்துகொண்டாள். எதற்காக இவளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

இந்த வருஷம் பூமாலை, சின்னபொண்ணு, அம்சா மூவரும் ஆயத்தம் ஆகிறார்கள். சண்டை முடிந்தால் இந்த வேலையும் முடிந்துவிடும் என்கிறார் தலைமை ஆசிரியை. சண்டை முடியும், தந்தி முடியாது என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். ஆனால் எனக்கு அந்தச் சங்கேதத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பூமாலையை ஞாபகம் இருக்கும், நம் தெருக்கோடி கெங்கம்மாள் மகள். சின்ன வயதில் உங்கள் தோளில் ஏறினால் இறங்கமாட்டாள்.

உங்கள் தங்கை,
ஜெயம்


விழுப்புரம்
2 ஜூலை 1943

தங்கை ஜெயத்துக்கு,

உன் கார்டு கிடைத்தது. இனிமேல் கார்டில் எழுதாதே, கவரில் எழுது. இங்கே தபால் என் கைக்கு வருமுன் நாலு பேர் கை மாறுகிறது. ஊர்ப் பெயர், அப்பா பேச்செல்லாம் அதில் எதற்கு.

நீ சொல்லும் காரியம் நல்லதுதான். ஆனால் நன்றாக யோசித்தாயா? பட்டாள வேலை என்றால் ஊர் என்ன பேசும்? அந்தப் பெண்களுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? மேலும் தந்தி என்பது நீ நினைப்பதுபோல நாலு ஞாயிற்றில் வருவதில்லை. எனக்கே இரண்டு வருஷம் பிடித்தது.

எனக்கு ஞாயிறு என்று தனியாக ஒன்று இல்லை. டியூட்டி மாறி மாறி வருகிறது. வர முயற்சி செய்கிறேன், ஆனால் என்னை நம்பி ஒன்றும் ஆரம்பிக்காதே.

அப்பாவுக்குத் தைலம் வாங்கி அனுப்புகிறேன்.

சகாயம்


திண்டிவனம்
22 ஆகஸ்டு 1943

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு ஞாயிறு ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்தேன். இனிப் போகமாட்டேன்.

குறை சொல்ல இதை எழுதவில்லை. சாரணர் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் எழுத்துக்கெல்லாம் புள்ளியும் கோடுமாகப் போட்டிருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதி, பெண்கள் மூவரும் உருப்போட்டுவிட்டார்கள். எந்த வார்த்தையைச் சொன்னாலும் பூமாலை கண்ணை மூடித் திறப்பதற்குள் புள்ளியும் கோடுமாக எழுதிக் காட்டுகிறாள். கெங்கம்மாள் இங்கேயே வந்து பார்த்துவிட்டு, எம்பொண்ணு என்னமோ கோலம் போடுறா டீச்சர் என்று சிரித்தாள். மூன்று வீட்டுத் தகப்பன்மாரிடமும் வேலை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தேர்வு உங்கள் ஊரில்தான், செப்டம்பர் பதினெட்டாம் தேதி. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள கூடத்தில் வைக்கிறார்கள். காலையில் வந்து மாலை வண்டியில் திரும்புவோம். இடையில் பெண்கள் கைகால் கழுவி, சாப்பிட உங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாமா?

ஜெயம்


விழுப்புரம்
30 ஆகஸ்டு 1943

ஜெயத்துக்கு,

வீட்டுக்கு அழைத்து வராதே. நான் குடியிருப்பது வீட்டுக்காரர் விருத்தாசலத்தின் பின்கட்டு. அவர் ஆசாரம் பார்க்கிறவர். ஸ்டேஷனிலும் என்னைத் தேடி வர வேண்டாம், வேலை நேரத்தில் யாரும் வரக்கூடாது என்பது சட்டம். தப்பாக நினைக்காதே. தேர்வு நல்லபடியாக நடக்க ஜெபிக்கிறேன்.

சகாயம்


திண்டிவனம்
21 செப்டம்பர் 1943

மகாராஜராஜஸ்ரீ தந்தி சிக்னலர் தேவசகாயம் அவர்களுக்கு,

திண்டிவனம் பெண்கள் பள்ளிக்கூட உபாத்தியாயினி எழுதுவது. தங்களுக்குத் தெரியாதவர்களைப் பற்றிய செய்தி என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அந்த மூன்று பெண்களும் தேர்வில் தோற்றார்கள். தேர்வு நடத்திய துரை ஒரு சிறு இயந்திரத்தை மேஜைமேல் வைத்து அழுத்தினார். அது தேனீ மாதிரி இரைந்தது. பெண்கள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி அழுத்தினார். பூமாலை மெல்ல எழுந்து, எழுதிக் காட்டுங்க சார், சொல்றேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

துரை சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இது கண்ணால் படிப்பதில்லை அம்மா, காதால் படிப்பது, முதல் நாளே ஓசையில் ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார். அதைத் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பிளாட்பாரத்தில் மாலை வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். திடீரென்று பூமாலை எழுந்து, "அண்ணன் இங்கதான வேலை செய்யுது, நான் போய் ஒரு தரம் கேட்டுட்டு வர்றேன் டீச்சர்" என்று ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கும் தெரியும் என்பது தங்களுக்குத் தெரியாது.

அவள் வாசலில் நின்று, "அண்ணே, நான் பூமாலை. அந்த மெஷின் சத்தத்த ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

தாங்கள் திரும்பிப் பார்த்து, "யாரு நீ? இங்கெல்லாம் வரக்கூடாது, போ" என்றீர்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாரென்று கேட்டார். "தெரியல சார், ஏதோ மிஷன் பள்ளிக்கூடத்துப் பொண்ணு" என்றீர்கள்.

வண்டியில் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

ஜெயம்


விழுப்புரம்
17 அக்டோபர் 1943

ஜெயத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் கிழித்தேன். முதலில் உன்மேல் கோபமாக எழுதினேன். வராதே என்று சொன்ன இடத்துக்கு ஏன் அனுப்பினாய் என்று. பிறகு அதுவும் எழுத முடியவில்லை.

என் நிலைமையையும் நீ கேட்க வேண்டும். முதலில் வேலை பார்த்த ஊரில் நான் உண்மையைத்தான் சொன்னேன். மயிலத்துப் பக்கம் சேரிதான் எனக்கு ஊர், அப்பா நிலக்கடலைக் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்குகிறவர் என்று. தெருத்தெருவாய் அலைந்தும் வீடு கிடைக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் வாசலுக்கு வெளியே வைத்துச் சோறு போட்டார்கள். விழுப்புரத்துக்கு மாற்றல் ஆனபோது யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, எங்களுக்குப் புதுச்சேரி, நிலபுலன் உண்டு, தகப்பனார் வேதக்கோயில் உபதேசியார் என்று சொல்லிவிட்டேன். ஒருதடவை சொன்னால் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது உனக்குத் தெரியாது.

அந்தப் பெண் வாசலில் நின்றபோது ஸ்டேஷன் மாஸ்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாய் சொன்னது என்று எழுதுகிறேன் பார், இப்போதும் நான் சொன்னேன் என்று எழுத வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் அப்பா ஒரு மூட்டை மல்லாட்டை சுமந்துகொண்டு இங்கே வந்தார். வீட்டுக்காரர் யாரென்று கேட்டார். எங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர் என்றேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். ஆமாங்க என்று தலையை ஆட்டினார். அடுத்த வண்டிக்கே போய்விட்டார். இதை அவர் உன்னிடம் சொன்னாரா?

சகாயம்


திண்டிவனம்
14 நவம்பர் 1943

அண்ணா,

அப்பா சொல்லவில்லை. நான் கேட்டேன். "அவன் நல்லா இருக்கட்டும்னுதாம்மா தலைய ஆட்டினேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மல்லாட்டைய வறுத்துத் தின்னானா, அப்படியே கெடக்குதான்னு கேளு" என்றார்.

உங்களைத் திட்டி எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பூமாலையைப் பார்க்கும்வரைதான்.

அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஊருக்கே போனேன். மல்லாட்டைக் கொல்லையில் பெண்களோடு உட்கார்ந்து செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஆரம்பித்தேன்.

"அவரு கேட்டது பரவால்ல டீச்சர். அவருக்கு என்ன பேஜாரோ. நான் திரும்பிப் பாத்தப்ப நீங்க கதவுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தீங்க."

அது உண்மை. அவள் ஓடியதும் தடுக்கப் பின்னாலேயே வந்தேன். நீங்கள் அவளை 'யாரு நீ' என்று கேட்டபோது நான் ஒரு எட்டு வைத்து உள்ளே வந்திருக்கலாம். இது என் மாணவி, இவர் என் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். நான் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன். உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் கெடுதல் வந்துவிடக்கூடாது என்று நினைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் நானும் அந்தப் பெண்ணுக்கு யாரோ ஆகிவிட்டேன். இத்தனை வருஷமாக நீங்கள் வராதே என்றால் வராமல், எழுதாதே என்றால் எழுதாமல் இருந்தவளும் நான்தான். உங்கள் பொய்யில் பாதி என்னுடையது.

கெங்கம்மாள் என்னை உட்காரவைத்துக் கேப்பைக் கூழ் கொடுத்தாள். வாக்குக் கொடுத்தீர்களே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கணவன் மட்டும், படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சோம் என்றார். தையில் பூமாலைக்குக் கல்யாணம் பேசப் போகிறார்களாம். அந்தக் கூழை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச்சில் மறுபடி தேர்வு வைக்கிறார்கள். நான் இனி அந்தப் பெண்களைக் கரும்பலகை முன்னால் நிறுத்தமாட்டேன். உங்களை வா என்றும் கேட்கமாட்டேன். தகவலுக்காக எழுதினேன்.

ஜெயம்


விழுப்புரம்
9 டிசம்பர் 1943

ஜெயம்,

வரும் ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். எனக்காக ஸ்டேஷனில் காத்திருக்காதே, நானே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுகிறேன்.

வெறுங்கையோடு வந்தால் பிரயோசனம் இல்லை. ஓசை எழுப்ப ஒரு சாமான் வேண்டும். இங்கே பழைய மின்சார மணி ஒன்று கழித்துப் போட்டது கிடக்கிறது. அதன் கிண்ணத்தைக் கழற்றிவிட்டால் அந்தத் துரையின் இயந்திரம் மாதிரியே இரையும். தந்தி அடிக்க அழுத்தும் உடைந்த சாவி ஒன்றும், பலம் குறைந்த பாட்டரிகளும் இருக்கின்றன. அவற்றை எடுக்க ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்க வேண்டும். கேட்டால் யாருக்கென்று கேட்பார். அதற்காகவே ஒரு வாரம் கேட்காமல் இருந்தேன்.

திங்கட்கிழமை கேட்டேன். யாருக்கு என்றார். திண்டிவனத்தில் என் தங்கை டீச்சர், அவளிடம் படிக்கிற பெண்களுக்கு, எங்கள் சேரிப் பெண்கள் என்றேன். அன்றைக்கு வாசலுக்கு வந்த பெண்ணும் எங்கள் தெருதான், எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எடுத்துப் போங்கள், பாட்டரியைக் கவிழ்த்துவிடாதீர்கள் என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது என்னோடு வேலை செய்யும் பாண்டுரங்கன் மெல்லச் சொன்னான். "உங்கப்பா மூட்டையோட வந்தாரே, அப்பவே எங்களுக்குத் தெரியும் சார். முகம் அப்படியே உங்க முகம். நீங்க வேற மாதிரி சொன்னதால நாங்க கேட்டுக்கல."

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஜெயம். நான் புதுச்சேரியைப் பற்றிக் கதை சொல்லும்போதெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள். யாரிடமிருந்து மறைத்தேன்? அப்பாவை யாருக்கு முன்னால் கூலிக்காரர் என்றேன்?

வீட்டுக்காரர் விருத்தாசலம் வேறு மாதிரி. அவரிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கிணற்றடிப் பக்கம் இனி வர வேண்டாம் என்றும் சொன்னார். பாண்டுரங்கன் தன் வீட்டுப் பக்கம் ஒரு ஓலை வீடு பார்த்திருக்கிறான்.

மல்லாட்டையை வறுக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லாதே. பாதி மூட்டை பூச்சி பிடித்துவிட்டது.

சகாயம்


திண்டிவனம்
2 ஏப்ரல் 1944

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று முடிவு வந்தது. மூவரும் தேறிவிட்டார்கள். மூவரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், மறுபடி படித்துப் பார்க்க வேண்டாம்.

நீங்கள் ஞாயிறுதோறும் வந்தபோதெல்லாம் சின்னபொண்ணும் அம்சாவும் மட்டும் உட்கார்ந்ததையும், வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் பூமாலையோ என்று திரும்பி நீங்கள் சாவியில் தப்பு அடித்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொங்கலுக்கு முன்னால் நீங்கள் கெங்கம்மாள் வீட்டுக்குப் போனதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சின்னபொண்ணு சொன்னாள். நீங்கள் வெயிலில் நின்று மன்னிப்புக் கேட்டீர்களாம். கெங்கம்மாள் அழுதாளாம். பூமாலை வெளியே வந்து, சரிங்க சார், வேலை இருக்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். ஆனால் மறுநாளே தன் தகப்பனாரிடம், கல்யாணத்தை இந்தத் தேர்வு முடியும்வரை தள்ளிப்போடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் படித்த விதத்தை நான் போன மாதம்தான் கண்டுபிடித்தேன். நீங்கள் ஞாயிறு சொல்லிக்கொடுப்பதைச் சின்னபொண்ணு கேட்டுக்கொண்டு போய், மல்லாட்டை உடைக்கும்போது அவளிடம் வாயால் சொல்வாளாம், டி டா டா டி என்று. பூமாலை காயை உடைத்துக்கொண்டே எழுத்தைச் சொல்வாளாம். கூட இருந்த பெண்கள் இது என்ன புதுத் தாலாட்டு என்று கேலி செய்தார்களாம். கடைசி இரண்டு வாரம் புதன்கிழமைகளில் அவளே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நான் சாவியை அழுத்த, அவள் எழுதினாள். நான் தப்பாக அழுத்தினால், டீச்சர், அது தப்பு என்பாள்.

அவளுக்கு உங்களைப் பார்க்க விருப்பமில்லை. என்னைப் பொறுத்துக்கொண்டாள், மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும், நான் டீச்சர் ஆயிற்றே.

அப்பா இரண்டு நாளாக என்னோடு இருக்கிறார். உங்கள் ஓலை வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறார்.

ஜெயம்


விழுப்புரம்
11 ஜூன் 1944

ஜெயம்,

அப்பா சுகமாக வந்து சேர்ந்தார். பாண்டுரங்கனின் தாயார் அவருக்குத் தினமும் மோர் அனுப்புகிறாள். ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டாலும் வருவதில்லை. பழகிவிட்டது என்கிறார். அந்த வார்த்தை எனக்கு என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாது.

பெண்கள் நேற்று மதராஸுக்குப் போனார்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஆபீஸ் இங்கே இருந்ததால், நீ ஏற்றிவிட்ட வண்டியில் வந்து இறங்கி, வேலை முடித்து மாலை வண்டிக்கு வந்தார்கள். கெங்கம்மாளும் வந்திருந்தாள். நான் மோரும் சோறும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூவரும் சாப்பிட்டார்கள். சின்னபொண்ணும் அம்சாவும் தந்தி அறைக்குள் வந்து, செய்தியை ஓசையாக அடிக்கும் சவுண்டரைக் கேட்டார்கள். பூமாலையையும் கூப்பிட்டேன். "வேணாங்க சார், இங்கயே இருக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வண்டி கிளம்பும்போது, "போய்ட்டு வர்றேன் சார்" என்றாள். அவள் அண்ணே என்று சொல்வாள் என்று நான் கடைசிவரை எதிர்பார்த்து நின்றேன். எதிர்பார்க்க எனக்கு என்ன பாத்தியதை?

வண்டி போனபிறகு உள்ளே வந்து உட்கார்ந்தேன். மதராஸில் வண்டி போய்ச் சேர இருட்டிவிடும், பெண்கள் முதல்முறை போகிறார்கள் என்று கவலையாக இருந்தது. அங்கே எழும்பூரில் இருக்கும் சிக்னலரை எனக்குத் தந்தியில்தான் பழக்கம், முகம் பார்த்ததில்லை. லைனில் சொந்தப் பேச்சு கூடாது என்பது சட்டம், ஆனால் லைன் சும்மா இருக்கும்போது நாங்கள் பேசாமல் இருப்பதில்லை. அவனைக் கூப்பிட்டு, பெண்கள் பெட்டியில் மூன்று பேர் வருகிறார்கள், இறங்கியதும் விடுதி ஆளிடம் ஒப்படை என்று அடித்தேன். யார் அவர்கள் என்று கேட்டான்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். எங்கள் லைனில் ஒரு ஸ்டேஷன் பேசினால் வழியிலுள்ள எல்லா ஸ்டேஷன் சவுண்டரும் சேர்ந்து அடிக்கும். விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம், செங்கற்பட்டு, எல்லா இடத்திலும் யாராவது ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். எனக்குத் தெரிந்தவர்கள். புதுச்சேரி சகாயம் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள்.

மயிலத்துப் பக்கம் எங்கள் சேரிப் பெண்கள், என் தங்கையின் மாணவிகள், அதில் ஒருத்தி நான் தூக்கி வளர்த்தவள் என்று அடித்தேன். ஒரு எழுத்தைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. முடித்துவிட்டு, லைனில் என்ன வரும் என்று சாவியின்மேல் கையை வைத்தபடியே காத்திருந்தேன்.

எழும்பூர்க்காரன், சரி, பார்த்துக்கொள்கிறேன் என்றான். உடனே செங்கற்பட்டு குறுக்கிட்டு, கூட்ஸ் வண்டியைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தது.

அவ்வளவுதான், ஜெயம். அந்தச் 'சரி'யைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவு சின்ன வார்த்தைக்குப் பயந்தா அந்தப் பெண்ணை யாரென்று கேட்டேன் என்று நினைத்தபோது தலையைத் தூக்க முடியவில்லை. வெளியே அப்பா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சகாயம்